வலப்பக்கத்துக் குரல்

தெல்ஃபா தோமாலா இறந்த செய்தி வந்தபோது லிசார்தோ சாலேன் தன் கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் இடது கண்ணை அட்டையால் மறைத்துக்கொண்டிருந்தார். செய்தியோடு வந்தவன் தெல்ஃபாவின் மகன் டார்வின். ஏசி விற்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். புதிதாக வாங்கிய கறுப்புச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. சட்டையைப் பார்த்ததுமே லிசார்தோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் எதிரில் இருந்தவரைக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். அவர் தப்பும் தவறுமாகப் படித்தார்.

"சரியா இருக்கு," என்றார் லிசார்தோ. இத்தனை வருஷத் தொழிலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

வாடிக்கையாளர் போன பிறகு டார்வின் பேசினான்.

"காலையில, மாமா. தூக்கத்துலயே போயிட்டாங்க. கஷ்டப்படலன்னு டாக்டர் சொன்னாரு."

"எல்லா டாக்டரும் அதத்தான் சொல்வாங்க. உக்காரு."

அவன் உட்காரவில்லை. "அம்மா ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அடக்கம் பண்றப்ப 'கடைசிப் படகு' பாடணுமாம். ரெக்கார்டு போடக் கூடாது. வேற யாரும் பாடக் கூடாது. நீங்க தனியா பாடணும்."

"தனியாவா?"

"ஆமா. அதுவும், 'அவனோட பாட்டைப் பாடச் சொல்லு, என்னோடது வேணாம்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அது ஒரே பாட்டுதானே மாமா?"

லிசார்தோ அந்த அட்டையை மேசையில் வைத்தார். பிறகு எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார்.

"இல்லப்பா. ரெண்டு பாட்டு," என்றார்.

குவாயாகில் நகரத்தில் 'கடைசிப் படகு' தெரியாதவர்கள் குறைவு. லிசார்தோவைத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. ஊரே முணுமுணுக்கும் பாட்டில் கூடப் பாடிய மனிதர், ஊருக்கு நடுவே, சட்டைப்பையில் திருப்புளியோடு மூக்குக் கண்ணாடிகளின் காலை முடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் எளிது. அவர் இரண்டாம் குரல்.

இருவர் சேர்ந்து பாடும் காதல் பாட்டில் முதல் குரல் மெட்டைப் பாடும். இரண்டாம் குரல் அதற்குக் கொஞ்சம் கீழே கூடவே நடக்கும். முதல் குரலைத் தனியாகக் கேட்டாலும் அது பாட்டுதான்; கஞ்சி போடாத சட்டை மாதிரி கொஞ்சம் துவண்டிருக்கும், அவ்வளவே. இரண்டாம் குரலைத் தனியாகக் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ வேறெதையோ நினைத்து முனகுவதுபோல இருக்கும். நன்றாகப் பாடப் பாட அது காணாமல் போகும். லிசார்தோ மிக நன்றாகப் பாடியவர்.

தெல்ஃபாவும் அவரும் 'தூறல்' என்ற பெயரில் மூன்று இசைத்தட்டுகள் போட்டார்கள். முதல் இரண்டும் ஒரே மைக்கின் முன்னால் நின்று பாடியவை. லிசார்தோவின் குரல் கனம் என்பதால் அவரை ஓர் அடி பின்னால் நிற்கச் சொன்னார்கள். அது இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பழகிப்போய், புகைப்படத்திலும் அவரை ஓர் அடி பின்னால் நிறுத்தினார்கள். இரண்டாவது தட்டின் அட்டையில் அவர் முகத்தில் பாதி தெல்ஃபாவின் கூந்தலுக்குப் பின்னால் போய்விட்டது. மற்ற பாதியை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் அவரை அடையாளம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அவர்களுடைய கண்பார்வையைப் பிற்காலத்தில் அவர் பாராட்டிப் பேசுவார்.

மக்கள் இருவரையும் காதலர்கள் என்று நம்பினார்கள். கம்பெனியும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. மேடையில் கைகோர்த்துக்கொள்ளச் சொன்னது, கோர்த்துக்கொண்டார்கள். மேடைக்கு வெளியே ஒரே ஒரு தடவை கைகோர்த்ததுண்டு, தெல்ஃபாவின் சொந்த ஊரான துரானில், மழைக்காலத்துச் சந்தைச் சேற்றில் அவள் வழுக்கியபோது. துரான் ஆற்றுக்கு அக்கரை. 'கடைசிப் படகு' அந்த ஆற்றைப் பற்றிய பாட்டுதான். இக்கரையில் ஒருத்தி, அக்கரையில் ஒருவன், நடுவே வராத படகு. பாட்டு வெளிவந்தபோது ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்து, பஸ் ஓட ஆரம்பித்து, படகுக்காக யாரும் காத்திருக்கும் அவசியமே இல்லாமல் போயிருந்தது. காதல் பாட்டு கேட்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

அந்தப் பாட்டு இருந்தது மூன்றாவது தட்டில். தட்டின் பெயர் 'இரு கரை'. அவர்களைக் கடல் தாண்டி மெக்சிகோ வரைக்கும் கொண்டுபோகப்போவது அதுதான் என்று கம்பெனி சொன்னது. தலைநகர் கீட்டோவிலிருந்து ஓர் இஞ்ஜினீயர் வந்திருந்தார். மலையூர்க்காரர். குவாயாகில் வெயிலில் கோட்டைக் கழற்ற மறுத்தவர். இடம் வலம் என்று ஒலியைப் பிரித்துப் பதிவுசெய்யும் புது இயந்திரம் அவர் கையில் இருந்தது. கையில் கிடைத்ததை முழுசாகப் பயன்படுத்திவிட வேண்டும் என்ற வெறியும் இருந்தது.

"முதல் குரல் முழுக்க இடப்பக்கம். இரண்டாம் குரல் முழுக்க வலப்பக்கம். நடுவுல கிட்டார். அதாவது ஆறு," என்றார்.

"எதுக்கு இஞ்ஜினீயர், எங்களுக்குள்ள என்ன சண்டையா?" என்று கேட்டாள் தெல்ஃபா. "அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலையா?"

"இப்ப உலகம் பூரா இதான் நடக்குது, அம்மணி."

"உலகம் பூரா சண்டைதான் நடக்குது."

லிசார்தோ வழக்கம்போலப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "பண்ணிப் பாக்கலாமே, தெல்ஃபா," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சேர்ந்து பாட ஆரம்பித்ததிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. "உனக்கு வேணுமா?"

"எனக்குன்னு ஒரு மைக்கு இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, கழுதை." இஞ்ஜினீயர் பக்கம் திரும்பினாள். "போடுங்க. அவன் வலப்பக்கம். நான் எங்கயோ கெடக்கறேன்."

இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே சரியான இடத்தில் நாற்காலி போட்டுக் கேட்டால், அந்தத் தட்டு அவர்கள் பாடியதிலேயே அழகானது. ஆற்றின் நடுவே நின்று இரண்டு கரையையும் கேட்பதுபோல இருக்கும். குவாயாகிலில் அப்படி நாற்காலி போட்டுக் கேட்டவர் இஞ்ஜினீயர் ஒருவர்தான்.

மற்றவர்கள் வீட்டில் நடந்தது வேறு. இரண்டு பெட்டி வைத்த ரெக்கார்டு பிளேயர் வாங்கிய எந்தக் குடும்பமும் இரண்டையும் ஒரே அறையில் வைக்கவில்லை. ஒன்று கூடத்தில் இருக்கும், இன்னொன்று பால்கனியில் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வாங்கியது வீட்டுக்காக, வாங்கியிருக்கிறோம் என்பது தெருவுக்காக. அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எந்தப் பாட்டைப் போட்டாலும் இரண்டு பெட்டியிலும் பாட்டு முழுசாக வந்தது. 'இரு கரை'யைப் போட்டபோதுதான் கூடத்தில் தெல்ஃபாவும் தெருவில் லிசார்தோவும் தனித்தனியே பாடினார்கள். சில வீடுகளில் மாறி நடந்தது. எந்த வீட்டிலும் சேர்ந்து நடக்கவில்லை.

"என்ன அண்ணே, இவ்வளவு பெரிய பெட்டி வாங்கி இந்த ஆளை முனக விட்டிருக்கீங்க?" என்று தெருவிலிருந்து கேட்டார்கள். "பாவம், வயித்து வலியா?"

தட்டு பாதிதான் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி ஜனங்கள் கடைகளில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் கம்பெனிக்குத் திருப்பினார்கள். தட்டோடு காசெட்டாகவும் வெளியிட்டு விற்காமல் கிடந்தவற்றைக் கம்பெனி கழிவு விலைக்குப் பஸ் நிலையத்து வியாபாரிகள் தலையில் கட்டியது. ஆனால் அனிபால் என்ற அறிவிப்பாளர் தன் வானொலியில் 'கடைசிப் படகை' நாள்தோறும் போட்டான். அந்த நிலையத்தின் பழைய ஒலிமேசையிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போயிற்று, இடப்பக்கத்துக் கம்பி. ஊர் முழுக்கத் தெல்ஃபா தனியாகக் காத்திருந்தாள், தனியாக ஏங்கினாள், தனியாகப் பிரபலமானாள். ஒரு பத்திரிகை 'இரு கரை'யைத் தெல்ஃபாவின் முதல் தனித் தட்டு என்று எழுதி, துணைக்கு யாரையும் சேர்த்துக்கொள்ளாத அவள் துணிச்சலை மெச்சியது.

ஆக, அவர்கள் சேர்ந்து போட்ட கடைசித் தட்டு அவளுடைய முதல் தனித் தட்டாகவும் ஆனது. கம்பெனி அவளைத் தனியாகக் கூப்பிட்டது. அவள் லிசார்தோவிடம் வந்தாள்.

"போகவா?"

"போ."

"'போகாத'ன்னு சொல்லேன் ஒரு தடவ."

"எனக்கு மைக்கு வேணும்னு ஒரு தடவ சொன்னேன்," என்றார் லிசார்தோ. "அதுவே போதும்."

அவள் போனாள். மெக்சிகோ வரைக்கும் போய்வந்து, ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு டார்வினைப் பெற்றாள். லிசார்தோவும் கல்யாணம் பண்ணிக்கொண்டு, மாமனாரின் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தார்.

சில வருஷம் கழித்து, பிளாயஸ் கடற்கரையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் யாரோ அவரை அடையாளம் கண்டுபிடித்து மேடையேற்றிவிட்டார்கள். 'கடைசிப் படகு' பாடச் சொன்னார்கள். அவர் கிட்டாரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மனமுருகிப் பாடினார். முதல் சரணம் முடிந்து கண்ணைத் திறந்தபோது கல்யாணக் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது வேற பாட்டு!" என்றது ஒரு குரல்.

"அது வேற பாட்டில்லடா, வேற பாட்டில்!" என்றது இன்னொன்று. இறால் தட்டுகளோடு மேசைகள் குலுங்கின.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் இரண்டாம் குரலைப் பாடிக்கொண்டிருந்தார். முதல் குரல் அவர் காதுக்குள் முழுசாக, தெல்ஃபாவின் மூச்சு வாங்கல் உட்பட, ஒலித்துக்கொண்டிருந்ததால் வெளியே அது இல்லை என்பதே தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க இரண்டாம் குரல் பாடியவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியவர் பிறகு ஏறவில்லை.

செய்தி தெல்ஃபாவுக்கும் எட்டியது. தொலைபேசியில் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை.

"என் மெட்டைப் பாடியிருக்கலாமே. உனக்குத்தான் தெரியுமே."

"அது உன்னோடது."

"நான் கோவிச்சுக்கவா போறேன்?"

"நீ கோவிச்சுக்க மாட்ட. நான் அங்க போயிட்டா என் இடத்துல யாரு நிப்பா?"

அவள் பேச்சை மாற்றினாள்.

வயதான பிறகு தெல்ஃபா கண்ணாடி மாற்ற அவர் கடைக்குத்தான் வருவாள். ஊரில் மகனுக்குத் தெரிந்த பெரிய கடைகள் இருந்தும் இங்கேதான். கடைசியாக வந்தபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்தபடியே சொன்னாள்:

"லிசார்தோ, நம்ம தட்டை இப்ப ஒரு பக்கம் மட்டும் கேக்கறேன். இடப்பக்கத்துப் பெட்டியோட ஒயரைப் புடுங்கிட்டேன்."

"எதுக்கு?"

"நான் பாடினது எனக்குத் தெரியாதா? உன்னைத்தான் ஒரு நாளும் கேட்டதில்ல. கூடப் பாடறப்ப நம்ம குரல்தான் நமக்குக் கேக்கும். பின்னால நீ நிக்கறேங்கற தெம்பு மட்டும் இருக்கும்." மற்ற கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாத்தான் பாடியிருக்க, கழுதை. யாரும் சொல்லலையா?"

"கீழ்வரியப் படி," என்றார் லிசார்தோ.

இதெல்லாம்தான் டார்வின் கொண்டுவந்த வேண்டுகோளுக்குள் இருந்தது. கேட்டவள் யார், எதைக் கேட்கிறாள் என்பதில் லிசார்தோவுக்குச் சந்தேகமே இல்லை. பயம் மட்டும் இருந்தது. பிளாயஸில் சிரித்தது ஒரு கல்யாணக் கூட்டம். சிரிப்பது அவர்கள் வேலை. தெல்ஃபாவின் சவப்பெட்டிக்கு முன்னால் ஜனம் சிரித்தால், அது அவரைப் பார்த்துச் சிரித்ததாக இருக்காது.

அன்று மாலை துக்க வீட்டில் கறுங்காப்பியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சுற்றிச் சுற்றி வந்தன. ஓரத்து மேசையில் நான்கு பேர் சீட்டாடினார்கள். அனிபால் வந்திருந்தான். வானொலி நிலையம் மூடி எவ்வளவோ காலமாகியும் அவன் குரல் மட்டும் இன்னும் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நீதான் பாடறியாமே?" என்றான். "மெட்டைப் பாடு லிசார்தோ. பிளாயஸ்ல பண்ணின கூத்தைக் கல்லறையிலயும் பண்ணிடாத. செத்தவங்க எழுந்து ஓடிடுவாங்க."

"நீ ஒரு கம்பியிலயே காலத்தை ஓட்டினவன். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒரு கம்பி தெரியும். அந்த ஒரு கம்பியிலதான் ஊரே அவளைக் கேட்டுச்சு," என்றான் அனிபால். அதில் உண்மை இருந்ததால் லிசார்தோ காப்பியைக் குடித்தார்.

டார்வினும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தயங்கித் தயங்கிப் பேசினான். "மாமா, தப்பா நினைக்காதீங்க. அம்மா அந்த நேரத்துல ஏதோ சொல்லியிருப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டையே பாடிடுங்களேன். ஜனங்க அழணும் மாமா. குழம்பிப்போய் நிக்கக் கூடாது."

"அழறதுக்கு மெட்டு வேணுமா?"

"வேணும் மாமா," என்றான் டார்வின். அவன் கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு வேணும்."

மகன் கேட்பதும் நியாயம், தாய் கேட்டதும் நியாயம். இரண்டு நியாயத்தையும் ஒரே தொண்டையில் பாட முடியாது. லிசார்தோ அவன் தோளைத் தட்டினார், எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வெயில் வெள்ளைச் சுவர்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சுவரில் அடுக்கடுக்காக, சவப்பெட்டியை உள்ளே தள்ளி மூடும் மாடங்கள். மூன்றாவது அடுக்கில் ஒன்று திறந்திருந்தது. துரானிலிருந்து தெல்ஃபாவின் சொந்தக்காரர்களும் பழைய அண்டைவீட்டாரும் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பஸ்காரரும் உள்ளே வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். பெட்டி உள்ளே போயிற்று. கொத்தனார் கீழே உட்கார்ந்து சிமெண்டைக் குழைக்கத் தொடங்கினார். பலகைக் கல்லை வைத்துப் பூசி முடிக்கும் வரைக்கும் பாட்டு நடக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். டார்வின் லிசார்தோவைப் பார்த்துத் தலையசைத்தான்.

லிசார்தோ கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"கடைசிப் படகும் போயாச்சு,
கரையில் விளக்கு எரிகிறது..."

சொற்கள் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். மெட்டு மட்டும் யாருக்கும் தெரியாத மெட்டு. அது எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பவில்லை, தாழ வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது. முன்வரிசையில் கர்ச்சீப்போடு தயாராக நின்ற ஓர் அம்மாள் கர்ச்சீப்பைப் பாதிவழியில் நிறுத்தினாள். அனிபால் வானத்தைப் பார்த்தான். ஓர் இளைஞன் உதட்டைக் கடித்துக்கொண்டான். டார்வின் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிசார்தோவுக்கு எல்லாம் தெரிந்தது. பிளாயஸில் கேட்ட அதே அமைதி. அதற்கடுத்து என்ன வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வந்தது ஒரு குரல், பின்னாலிருந்து.

அது அவரோடு சேர்ந்து பாடியது. சரியாக அவர் பாடுவதையே பாடியது. தன்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் கிண்டல் பண்ணுகிறவன் மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்க மாட்டான். இந்தக் குரல் அவர் எடுத்த இடத்தில் மூச்சை எடுத்தது. ஏறிட்டுப் பார்த்தார். தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ்காரர் பாடிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பருத்த பெண்மணி. அவளை அடுத்து இரண்டு கிழவர்கள். துரான் கூட்டமே பாடியது.

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். கம்பெனி கழித்துவிட்ட காசெட்டுகளில் ஒன்றை, அந்தக் காலத்திலேயே பாலத்தின் மேல் துரானுக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த இந்தப் பஸ்காரர் ஹசிந்தோ வாங்கியிருந்தார். அவர் பஸ்ஸில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. இடப்பக்கத்தது வாங்கும்போதே செத்திருந்தது. மாற்றுவோம் மாற்றுவோம் என்று இருந்து, பஸ்ஸே கழியும் வரைக்கும் அவர் மாற்றவில்லை. காலையில் இறால் ஆலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள், மாலையில் திரும்புகிறவர்கள், நிற்க இடமில்லாமல் தொங்கியபடி, வருஷக்கணக்கில் லிசார்தோவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். அவர்களுக்கு அதுதான் 'கடைசிப் படகு'. இந்தப் பாட்டுக்கு வேறு மெட்டு இருப்பதாக வானொலி சொன்னால், வானொலியில்தான் தப்பாகப் பாடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

லிசார்தோவுக்கு இந்த விவரமெல்லாம் அப்போது தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. தன் குரல் தனக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. இத்தனை தொண்டைகளில், கரகரப்பும் இருமலுமாக, ஆனால் உறுதியாக. அது நல்ல பாட்டாகவே இருந்தது.

கூடவே இன்னொன்றும் கேட்டது. அதற்கு மேலே இருந்த வெற்றிடம். நாற்பது பேர் இரண்டாம் குரல் பாடினாலும் முதல் குரல் இல்லை என்பதுதான் இன்னும் துல்லியமாகத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த இடம் கேட்டிருக்க வேண்டும். முன்வரிசை அம்மாள் கர்ச்சீப்பை முகத்துக்குக் கொண்டுபோனாள். அனிபால் தலையைக் குனிந்துகொண்டான். டார்வின் வாய்விட்டு அழுதான். அவனுக்கு மெட்டு தேவைப்படவில்லை, மெட்டு இல்லாததே போதுமாக இருந்தது. கொத்தனார் பூசுகரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

கடைசிச் சரணம் வந்தது. லிசார்தோ ஒரு கணம் பாடாமல் நின்றார். பாட்டு நிற்கவில்லை. அவருடைய இடத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே அவர் தேவைப்படவில்லை. அன்றைக்குத் தொலைபேசியில் தெல்ஃபாவிடம் கேட்டதற்கு இப்போதுதான் பதில் வந்திருந்தது.

அவர் ஓர் அடி முன்னால் வந்தார். கிழட்டுத் தொண்டையை எட்டும் வரைக்கும் உயர்த்தி, அவளுடைய மெட்டைப் பாடினார்.

"அக்கரை எனக்குத் தெரியவில்லை,
ஆற்றின் சத்தம் கேட்கிறது..."

உச்சியில் குரல் கீறியது. கீறினாலும் அங்கேயே நின்றது. கீழே துரான் கூட்டம் அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற தெம்பு என்று அவள் சொன்னது இதைத்தான் என்று அவருக்கு அப்போது விளங்கிற்று. இவ்வளவு காலமும் அவளுக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தது என்பதில் ஒரு நிம்மதியும் வந்தது. கடைசி வரியை முடித்த பிறகுதான் கொத்தனார் கல்லைப் பொருத்தி, நான்கு ஓரமும் பூசி, ஈரத்துணியால் துடைத்தார்.

கூட்டம் கலைந்து வாசலுக்கு நடந்தது. டார்வின் லிசார்தோவைக் கட்டிக்கொண்டுவிட்டுப் போனான். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த லிசார்தோவின் பக்கத்தில் ஹசிந்தோ வந்து நின்றார். தன் பழைய பஸ்ஸைப் பற்றியும் செத்துப்போன ஒலிபெருக்கியைப் பற்றியும் விவரமாகச் சொன்னார்.

"காசெட்டு அட்டையில இந்த அம்மா படம் இருந்துச்சுங்க. சும்மா அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அவங்களும் பாடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"பாடுவா," என்றார் லிசார்தோ.

ஹசிந்தோ தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஏதோ சொல்ல வேண்டும், சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம். கடைசியில் மரியாதை தோற்றது.

"தப்பா எடுத்துக்கக் கூடாது, ஐயா. வயசாயிடுச்சு, துக்கம் வேற. எல்லாம் அருமையா பாடினீங்க. ஆனா அந்தக் கடைசிச் சரணத்துல மட்டும் மெட்டை விட்டுட்டீங்க."

"ஆமா," என்றார் லிசார்தோ. "விட்டுட்டேன்."

"பரவாயில்ல ஐயா. நாங்க சமாளிச்சுட்டோம்ல," என்றார் ஹசிந்தோ. பஸ்ஸில் இடம் இருப்பதாகவும், போகிற வழியில் கண்ணாடிக் கடை வாசலிலேயே இறக்கிவிடுவதாகவும் சொன்னார். லிசார்தோ ஏறி, வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.